வாங்க, போங்க

என் கணவர் பிரதீப்குமார் யாரையும் ‘வாடா’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூடப் படித்தவர்கள் போனில் ‘டேய்’ என்று ஆரம்பித்தாலும் இவர் ‘சொல்லுங்க’ என்பார். எங்கள் நான்கு வயது தாரிணிக்கும் ‘வாங்க, சாப்பிடுங்க’தான். கொங்குநாட்டு மரியாதை என்று நினைத்து, மதுரைக்காரியான நான் கேலி செய்வேன். “கொசுவைக்கூட வாங்கன்னு கூப்பிட்டுத்தான் அடிப்பீங்க போல.” அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

பெண் பார்க்க வந்த அன்று அவர் முதலில் சொன்னது கிஷனைப் பற்றித்தான். இருவரும் ஈரோட்டில் ஒரே வகுப்பு. ஒன்றாகச் சிட்னிக்கு மேல்படிப்புக்கு வந்தார்கள். வெஸ்ட்மீடில் ஒரு அறை, ஒரே மெத்தை. பெட்ரோல் பங்கில் ஆளுக்கொரு ஷிஃப்ட் என்பதால் மெத்தைக்குத் தகராறு வரவில்லை. ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, தெற்கே இரண்டரை மணி நேரத் தொலைவிலுள்ள அருவிக்குப் போனார்கள். வாய்க்காலில் நீந்தி வளர்ந்த கிஷன் குதித்தான். நீச்சல் தெரியாத இவர் பாறையில் நின்றார். அடியில் இருந்த சுழல் கிஷனை இழுத்தது. இவர் இறங்கப் போனபோது, “வராதடா” என்று கத்திவிட்டு மூழ்கினான்.

நான் அழுதேன். சாகும்போதும் ஒருவன் காப்பாற்ற நினைத்த நண்பன் என்றால் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று சம்மதம் சொன்னேன். பிறகு எத்தனையோ வீட்டு விருந்துகளில் இந்தக் கதையை நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது நாக்கு கசக்கிறது.

கிஷனின் அம்மா புஷ்பவல்லி கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிறார். ஒரே பிள்ளை. வருடம் தவறாமல் பேப்பரில் நினைவஞ்சலி கொடுப்பார். கிஷனின் படம், கீழே ‘உயிர் பிரியும் நேரத்திலும் வராதே என்று நண்பனைக் காத்த எங்கள் செல்வமே’ என்ற வரி. அதற்கும் கீழே ‘பிரிவால் வாடும் பெற்றோர், நண்பன் பிரதீப்குமார்’. அன்று காலையிலேயே அதைப் படமெடுத்து இவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். இவர் அன்று முழுவதும் சாப்பிடமாட்டார்.

படுக்கையில் கிடந்த தன் கணவர் போன வருடம் இறந்தபின்தான் அவரால் வெளியே வர முடிந்தது. அக்டோபரில் எங்கள் வீட்டுக்கு வந்தார், மூன்று மாத விசாவில். வந்த அன்றே சொன்னார். “எம் பையன் போன எடத்தைப் பாக்கோணும் கண்ணு. அவன் கொரலக் கடைசியாக் கேட்டவங்க வேற யாராச்சும் இருந்தா அவங்களையும் பாக்கோணும்.”

“என்னையத் தவுர யாரும் இல்லைங்கம்மா” என்றார் பிரதீப்.

மழை, வேலை, கார் சர்வீஸ் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டார். நானோ சும்மா இருக்கவில்லை. அருவிக்கு மேலே, பாறைக் குகைகளில் துறவிகள் தனித்தனியாகத் தங்கும் ஒரு புத்த மடம் இருப்பதை இணையத்தில் பார்த்துவிட்டு, போன் செய்து, அவர்களுக்கு ஒருநாள் மதிய உணவு கொடுக்கப் பதிவு செய்தேன். கீழே அருவியில் மூழ்கிய பையனுடைய அம்மா வருகிறார் என்றும் சொன்னேன். புண்ணியமாகப் போகட்டும் என்றுதான். பிரதீப்பிடம் கிளம்பும் அன்று காலையில்தான் சொன்னேன். இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

“அங்க எதுக்குங்க?” என்றார்.

தாரிணியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். அம்மா முன் சீட்டில் எலுமிச்சைச் சாதத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, “மெதுவாப் போ கண்ணு” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

காட்டுக்குள் வெயில் இறங்கவில்லை. ஆளுயரப் பெரணி மரங்கள், வழுக்கும் படிகள், கால் வைத்த இடமெல்லாம் அட்டை. அம்மாவின் கணுக்காலில் ஏறிய ஒன்றுக்கு பிரதீப் மண்டியிட்டு உப்புப் போட்டார். அருவிக்கு முன் இப்போது வேலி கட்டியிருக்கிறார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குளத்தைப் பார்த்தார்.

“இத்தனூண்டு தண்ணியா? எங்கூரு வாய்க்கா இதைவிட அகலமாச்சே.” பிரதீப் பக்கம் திரும்பினார். “நீ எங்க நின்னே கண்ணு?”

பிரதீப் ஒரு பாறையைக் காட்டினார். அம்மா பாறையையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்தார். “பக்கந்தான்” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை.

மடத்தில் உணவு முடிந்ததும் ஒரு துறவி எங்களைத் தன் குகைக்கு அழைத்துப்போனார். அறுபது வயது இருக்கும், இந்த ஊர் வெள்ளைக்காரர். ஒரு பலகைக் கட்டில், ஒரு சிறிய புத்தர், அவ்வளவுதான் குகை. வாசலில் நின்றால் கீழே குளத்தின் இரைச்சல் அப்படியே கேட்டது. அம்மாவைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் பேசினார். பிரதீப் மொழிபெயர்த்தார்.

அன்று அவர் மௌன விரதத்தில் இருந்தாராம். கீழே ஒரு பையன் கூப்பிடுவது கேட்டதாம். விளையாடுகிறார்கள் என்று நினைத்து இறங்கிப் போகவில்லையாம். சாயங்காலம் போலீஸ் வந்தபிறகுதான் தெரிந்ததாம். ஒன்பது வருடமாக இதை யாரிடமாவது சொல்லி மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தாராம். இதுவரை பிரதீப் சரியாகத்தான் சொன்னார்.

“அவன் தன் நண்பனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். நான்கைந்து முறை. அந்தப் பெயரை என்னால் மறக்க முடியவில்லை” என்ற துறவி, பிரதீப்பின் பக்கம் திரும்பினார். “வாடா என்பது நீங்கள்தானா?”

பிரதீப் இதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

“சாமிய இன்னொருக்காச் சொல்லச் சொல்லு” என்றார்.

நான்தான் கேட்டேன்.

“வாடா. வாடா” என்றார் துறவி, எதைத் தருகிறோம் என்று தெரியாமலே. அவர் வாயில் அது ஒரு பெயராகத்தான் இருந்தது. எங்கள் மூவர் காதிலும் ஒரு பையன் கத்தினான்.

அம்மா எழுந்து அவரைக் கும்பிட்டார். “நீங்களாச்சும் உள்ளதைச் சொன்னீங்க சாமி.”

திரும்பும்போது அம்மா பின் சீட்டில், தாரிணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி வழியில் முன்னால் குனிந்தார்.

“தம்பி, ஏசியைக் கொஞ்சம் கொறைங்க.”

மூன்று வாரமாகக் ‘கண்ணு’ என்றும் ‘நீ’ என்றும் கூப்பிட்டவர். அந்த ‘ங்க’ இவர் பிடரியில் விழுந்ததை நான் பார்த்தேன். பெட்ரோல் பங்க் ஒன்றின் ஓரமாகக் காரை நிறுத்தினார்.

“எனக்கு நீச்சல் தெரியாதுங்கம்மா. காலு நகரவே இல்லைங்க. அன்னிக்கு நீங்க போன்ல, கடைசியா என்ன கண்ணு சொன்னான்னு கேட்டீங்க. வாயில வராதடான்னு வந்துருச்சுங்க.”

“நீங்க குதிக்கலைன்னு நான் கேக்கலைங்க தம்பி. குதிச்சிருந்தா உங்கம்மாவும் என்னையாட்டம் ஆயிருப்பாங்க.” அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார். “இந்த ஊர்ல அவனுக்கு உங்களைத்தான் தெரியும். வேற யாரக் கூப்பிடுவான்? எம் பையன் பயப்படாமச் செத்தான்னு ஒம்பது வருசமா நெனச்சுட்டு இருந்தேன். இப்ப மொதல்ல இருந்து அழோணுமே.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குதிக்காததற்கு இல்லை. அந்தப் பொய்யை வைத்து என்னையும் வாங்கியதற்கு. ‘வாங்க, போங்க’ எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ‘வாடா’ என்ற சொல்லை அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

அம்மா டிக்கெட்டை மாற்றிக்கொண்டு அந்த வாரமே போய்விட்டார். விமான நிலையத்தில் தாரிணிக்கு மட்டும் முத்தம் கொடுத்தார்.

பிப்ரவரி வந்தது. இந்த முறை நினைவஞ்சலி என் எண்ணுக்கு வந்தது. அதே படம். ‘உயிர் பிரியும் நேரத்திலும் வராதே என்று நண்பனைக் காத்த’ என்ற அதே வரி. அதற்குக் கீழே ‘பிரிவால் வாடும் தாய் புஷ்பவல்லி’ என்று மட்டும்.

பிரதீப் போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“எம் பேரு விட்டுப்போச்சு போலங்க” என்றார்.

“விட்டுப்போகல. எடுத்துட்டாங்க” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.