வேண்டுமென்றே தோற்ற பரீட்சை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் பெண்கள் கால்பந்துப் போட்டி ஒன்றில் ஆடிவிட்டு, அம்மாவை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு செய்யூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி பன்னிரண்டு இருக்கும். அன்றைக்கு நாங்கள் வீடு போய்ச் சேரவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்டிரைக்கர். கோல் போடுவதுதான் என் வேலை. பத்து வருடத்தில் ஏழு அணிகளுக்கு ஆடியிருக்கிறேன். குஜராத், ஒடிசா, பெங்களூரு, கோவா, கேரளா, மணிப்பூர், நடுவில் ஒரு சீசன் மாலத்தீவு. பெண்கள் கால்பந்தில் ஒப்பந்தம் என்றால் நாலைந்து மாதம்தான். சீசன் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும், அடுத்த அணி கூப்பிடும்வரை வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விடுதி அறையில் கண் விழித்ததும் 'இது எந்த ஊர்?' என்று இரண்டு நொடி யோசிப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஒவ்வோர் அணியிலும் சேர்ந்த முதல் நாள் டாக்டர் ஒரு பரீட்சை வைப்பார். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார். டிசம்பரிலிருந்து ஜனவரி வரை மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அந்த மார்க்கை எழுதி வைத்துக்கொள்வார். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே பரீட்சை மறுபடியும். மார்க் குறைந்தால் மூளை அதிர்ந்திருக்கிறது என்று அர்த்தம், குறைந்தது இரண்டு வாரம் வெளியே உட்கார வேண்டும். நாலு மாத சீசனில் ஒரு ஸ்டிரைக்கர் இரண்டு வாரம் உட்கார்ந்தால் அந்த இடத்தில் வேறொருத்தி கோல் போட்டுவிடுவாள். அப்புறம் அடுத்த வருடம் யார் கூப்பிடுவார்கள்?

அதற்கு ஒரு வழி இருந்தது. என் முதல் அணியில் கோல்கீப்பராக இருந்த அக்கா சொல்லிக் கொடுத்தது. முதல் நாள் பரீட்சையிலேயே தப்புத் தப்பாகச் சொல்லிவிட வேண்டும். ஐந்து வார்த்தையில் மூன்றுதான் ஞாபகம் இருக்கிறது என்று விழிக்க வேண்டும், ஒற்றைக் காலில் நிற்கும்போது தடுமாற வேண்டும். பிறகு அடிபட்டு நிஜமாகவே தடுமாறினாலும் மார்க் குறையாது, டாக்டர் தலையாட்டி அனுப்பிவிடுவார். ஏழு அணியிலும் நான் இப்படித்தான் தோற்றேன். டாக்டர்கள் என்னை மந்தம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த வருடம் மணிப்பூரில் கடைசி ஆட்டம். கார்னரில் எகிறியபோது எதிரணிப் பெண்ணின் தலையும் என் தலையும் மோதின. கண் முன்னால் வெள்ளையாக ஏதோ வந்தது, அவ்வளவுதான் தெரியும். டாக்டர் ஓடிவந்து ஐந்து வார்த்தைகள் சொன்னார். எவ்வளவு முயன்றும் மூன்றுக்கு மேல் வரவில்லை. நான் நடிக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். முதல் நாளும் மூன்றுதானே, மாற்றம் இல்லை என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். உள்ளே போய் ஒரு கோலும் போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் தலைவலி விடவில்லை. ரயில் அலைச்சல், வெயில் என்று மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்தேன். அம்மா, ஊரெல்லாம் உன்னையே பார்க்குது, கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். பத்து நாள் ஆயிற்று. அப்போதுதான் செங்கல்பட்டுக்காரர்கள் ஆட வரச்சொன்னார்கள். எத்தனையோ ஊரில் நான் ஆடியும் அம்மா ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அங்கன்வாடியில் ஆயா வேலை, லீவு கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை என்றதும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளிடம் தலைவலி என்று சொல்லி நிற்க எனக்கு மனசு வரவில்லை.

ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள் இல்லையா, நான் மாறாமல் பழைய பக்கமே போய் நின்றேன். எங்கள் கோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றாயிற்று. அப்படியே ஒற்றைக் கண்ணோடு ஓட்டினேன். பின்னால் அம்மா, ஆட்டத்தில் நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே விவரித்துக்கொண்டு வந்தாள். நிறுத்து, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து வருடமாக 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிச் சொல்லி, வேறு எதுவும் வாயில் வரவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை குறுக்கே வரும். வலது பக்கம் திரும்பினால் பாலாற்றுப் பாலம், கூவத்தூர், எங்கள் ஊர். தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வேன். அன்றைக்கு அந்த முக்கில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. அம்மா தோளைத் தட்டி, "இந்தாண்ட திரும்புடி" என்றது காதில் விழுந்தது, ஆனால் அது என்னிடம் சொல்கிற மாதிரியே இல்லை. நேராகப் போனேன். வீடுகள் வந்தன, வலைகள் வந்தன, சாலை முடிந்து மணலில் வண்டி சரிந்து நின்றது. எதிரே கடல்.

அந்தக் கடலைப் பார்த்ததும் கோவா என்று நினைத்தேன். பயிற்சிக்கு நேரமாகிவிட்டது, என்னை விட்டுவிட்டுப் பஸ் போய்விட்டது என்று பதறியது மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அங்கே ஒரு படகோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த மீன்காரம்மா ஒருவரிடம் போய், கிரவுண்டு எந்தப் பக்கம் என்று இந்தியில் கேட்டேனாம். அவர்கள் திரும்பி என் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்களாம். அம்மா என் கையைப் பிடித்து இழுக்க, அவளிடமும் இந்தியிலேயே நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் நான் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது என்று பிறகு சொன்னாள்.

"இன்னாடி பேசுற? அம்மாடி நானு" என்று அழுதுகொண்டே என்னைப் படகு நிழலில் உட்காரவைத்தாள். வாந்தி எடுத்தேன். அதன் பிறகு கண்ணை இழுத்துக்கொண்டு ஒரு தூக்கம் வந்தது. அவ்வளவு சுகமான தூக்கம் அதுவரை எனக்கு வந்ததில்லை. அம்மா, வெயில் தாக்கியிருக்கிறது, கொஞ்சம் கண் அசந்தால் சரியாகிவிடும் என்று என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

மீன்காரம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார்கள்.

"தூங்க உட்டுடாத. தலயில அடி கிடி பட்டுதா? என் வூட்டுக்காரரு இப்டிதான், போட்டுல அடிபட்டு நாலு நாளு கயிச்சு தலவலின்னு படுத்தாரு. எழுந்திருக்கவே இல்ல."

அம்மாவுக்கு மணிப்பூரில் அடிபட்டதே தெரியாது. ஆனால் அந்த மீன்காரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஐஸ் இறக்கிவிட்டுக் கிளம்பிய ஒரு குட்டியானை மினி லாரியை அதட்டி நிறுத்தி, மீன்கூடையை அப்படியே போட்டுவிட்டு, எங்களோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள். வண்டி வந்த வழியே செங்கல்பட்டுக்குப் பறந்தது. ஐஸ் தண்ணீரில் நனைந்த சாக்கின் மேல் படுத்திருந்தேன். கண் மூடும்போதெல்லாம் சுரீர் என்று ஒரு அறை விழும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று மீன்காரம்மா கேட்க, அம்மா பந்து உதைக்கிறாள், ஊர் ஊராகப் போய் ஆடுகிறாள் என்று சொன்னாள்.

"எந்தெந்த ஊர்ல ஆடுன? சொல்லிகினே வா. வாய மூடாத" என்றார்கள் என்னிடம்.

குஜராத் என்றேன். ஒடிசா என்றேன். பெங்களூரு. அதோடு நின்றுவிட்டது. எனக்கு இன்னும் ஊர்கள் இருக்கின்றன என்பது தெரிகிறது, ஒன்றும் வரவில்லை. முதல் கோல் எங்கே போட்டேன்? என் சட்டை எண் என்ன? எதுவும் இல்லை. மறுபடி குஜராத்திலிருந்து ஆரம்பித்தால் இந்த முறை பெங்களூருவும் வரவில்லை. பத்து வருடமாக உழைத்துச் சேர்த்தது ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போவதைப் படுத்துக்கொண்டே பார்க்கிறேன். செத்துவிடுவேனோ என்ற பயம்கூட எனக்கு அவ்வளவு இல்லை. பெற்றவளின் முகத்தைப் பார்த்து, இவள் யார் என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்றுதான் நடுங்கினேன். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு ஊரில் உள்ள சாமி எல்லாரையும் கூப்பிட்டாள். அதற்கு அப்புறம் எனக்கு ஞாபகம் இல்லை.

மண்டைக்குள் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மூளையை அழுத்திக்கொண்டிருந்ததாம். உடனே ஆபரேஷன் செய்து வெளியே எடுத்தார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் எங்களுக்குச் செய்ய வேலையே இருந்திருக்காது என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த மீன்காரம்மா ஆபரேஷன் முடிந்தது என்று கேட்ட பிறகுதான் எழுந்து போனார்களாம்.

நான்காம் நாள் டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். கண் விழித்ததும் நான் தலை மோதியதைச் சொல்லியிருந்ததால், மணிப்பூர் அணி டாக்டரிடம் போனில் பேசியிருக்கிறார். அவரும் பாவம், பதறிப்போய் ஏட்டை எடுத்துப் படித்திருக்கிறார். "முதல் நாள் மார்க்குக்கும் அடிபட்ட அன்னைக்கு எடுத்த மார்க்குக்கும் வித்தியாசமே இல்லையேம்மா, அது எப்படி?" என்று என்னிடம் கேட்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். கட்டுப் போட்ட தலையோடு நான் நடந்ததைச் சொன்னேன். அம்மாவும் பக்கத்தில்தான் நின்றாள். டாக்டர் கிளம்பிப் போனார். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"என்கிட்ட மறச்ச, சரி. உசுர காப்பாத்த வந்தவன்கிட்டயே மறச்சிகினு ஆடியிருக்கியே. யாருக்குடி ஆடுன?"

சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன்.

இனிமேல் ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தொன்பது வயதில் பூட்ஸைக் கழற்றினேன். முடி வளர்ந்து தையல் மறைந்ததும், சதுரங்கப்பட்டினம் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். காலில் விழப் போனேன், விடவில்லை. "இன்னா, கிரவுண்டு கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி என் பைக்குள் போட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்தோம். அன்றைக்குக் கன்னத்தில் வாங்கிய அறைகளுக்கெல்லாம் சேர்த்து அவர்கள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அந்த வழியை நான் எனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு விடுதியிலும் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தங்கச்சிகளுக்கு, ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி, நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை பேர் என்று கணக்கே தெரியாது. ஞாபகம் வந்த பெயரையெல்லாம் எழுதி, ஒவ்வொருத்தியாகப் போனில் கூப்பிட்டு, இனி அப்படிச் செய்யாதே என்று சொன்னேன். பல பேர் கேட்டுக்கொண்டார்கள். சிலருடைய எண்கள் மாறிவிட்டன. ஒருத்தி மட்டும் உற்சாகமாக, "அக்கா, நீங்க சொன்னது சூப்பரா வேலை செய்யுது. போன வாரம்கூட அடிபட்டுச்சு, டாக்டர் கண்டுபிடிக்கவே இல்லை" என்றாள். அவளைத் திட்டி, கெஞ்சி, அன்றே ஸ்கேன் எடுக்கவைத்து, ஒன்றுமில்லை என்று தெரியும்வரை நான் சாப்பிடவில்லை.

என் தலைக்குள் இருந்ததை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். எண் மாறிப்போன யாரோ ஒருத்தி, எந்த ஊர் மைதானத்திலோ, இந்த நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு என் பேச்சைக் கேட்டு 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பாளோ என்கிற பயத்தை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை.