தம்பி பேரில் எரிந்த பச்சை விளக்கு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், இது சத்தமாகச் சொல்கிற விஷயம் இல்லை. பிரவுசிங் சென்டர் நடத்துகிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காது நன்றாகக் கேட்க வேண்டும்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்றே உள்ளே யார் அழுகிறார்கள், யார் அழுகிற மாதிரி பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். எல்லார் கையிலும் செல்போன் வந்து பூத் படுத்துப்போனது. அதே இடத்தில் பிளைவுட் தடுப்பு வைத்து ஐந்து கம்ப்யூட்டர் போட்டேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஓடாது. யாருக்காவது சந்தேகமாக ஒரு கடிதம் வந்தால், "வாய்விட்டுப் படிங்க" என்பேன். என்னைப் போல, உங்களைப் போல ஏமாந்தவர்கள் நிறையப் பேர் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள்.

உயர்திரு ஐயா அவர்களுக்கு

செல்வம் குரும்பலூர்க்காரர். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டினார். வாரத்துக்கு மூன்று நாள் வந்து ஒரு விளையாட்டு ஆடுவார். ஊர் ஊராக ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே நடமாடுகிற விளையாட்டு அது. இவர் ஆளுக்கு ஒரு கவசம், ஒரு வாள். அதைச் சேர்க்க ஒன்றரை வருஷம் ஆனது. ஒருநாள் அதற்குள்ளேயே ஒரு கடிதம்: நாங்கள் விளையாட்டின் உதவி ஆபீஸ், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பாஸ்வேர்டு அனுப்பாவிட்டால் உங்கள் கணக்கு மூடப்படும்.

நம் ஊர் ஆட்களுக்கு ஆபீஸ் என்ற வார்த்தையும் கெடு தேதியும் சேர்ந்து வந்தால் கை தானாக எழுதிவிடும். செல்வம் "உயர்திரு ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி, பாஸ்வேர்டோடு ரேஷன் கார்டு நம்பரையும் சேர்த்து அனுப்பினார். மறுநாள் மத்தியானம் உள்ளே போகப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. கூட ஆடுகிற ஒருவர் பக்கத்து கேபினில் இருந்தார். அவர் திரையில் எட்டிப் பார்த்தோம். சந்தை நடுவே செல்வத்தின் ஆள், கவசம் இல்லாமல், வாள் இல்லாமல், இடுப்புத் துணியோடு. திடீரென்று திரும்பி எங்களைப் பார்க்கிற மாதிரி நின்றது. அப்புறம் மெதுவாக நடந்து போனது. செல்வம் தன் இரண்டு கைகளையும் தூக்கி எனக்குக் காட்டினார்: "அண்ணே, நான் இங்கதான நிக்கிறேன், அங்க நடக்கிறது யாரு?"

போனுக்குள் இன்னொரு கடை

மனுஷன் சும்மா இருப்பாரா? புதுப் பேரில் உள்ளே போய், என் கணக்கு திருடுபோய்விட்டது, யாராவது உதவுங்கள் என்று கடை போன் நம்பரைப் போட்டு எல்லாரும் பார்க்க எழுதிவிட்டார். இரண்டே நாளில் போன் அடித்தது. "மூணாவது கேபின் செல்வம் சார் இருக்காரா? விளையாட்டு ஆபீஸ்லேர்ந்து பேசறோம்." மூன்றாவது கேபின் என்பதையும் இவரே எழுதியிருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த நிமிஷம் மூன்றாவது கேபினைத் திரும்பிப் பார்த்தேன்.

கணக்கை மீட்டுத் தருவதாக அந்த ஆள் மூச்சு விடாமல் பேசினான். அவசரப்படுத்துகிறவன் குரலில் மூச்சு இருக்காது, பூத் காலத்திலேயே கவனித்திருக்கிறேன். அவன் பேசப் பேச நான் அவனுக்குப் பின்னால் இருந்த சத்தத்தைக் கேட்டேன். கீபோர்டு தட்டுகிற சத்தம். பிளைவுட் கதவு படீரென்று அடிக்கிற சத்தம். அப்புறம் யாரோ ஒருத்தர், "டைம் ஆயிடுச்சு, எந்திரிங்க" என்றார். தினமும் நான் சொல்கிற அதே வார்த்தை. என் கடையே எனக்குப் போன் செய்கிற மாதிரி இருந்தது. "எந்த ஊரு பிரவுசிங் சென்டர் தம்பி?" என்றேன். லைன் கட். நான் கேட்ட சத்தத்தைச் சொன்னதும் செல்வம் கேட்டார்: "அப்ப அவனும் வாடகைக்கு உக்காந்துதான் நம்மளத் திருடுறானாண்ணே?"

சலாம் லாத்தா

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ரஹ்மத் டீச்சர் வருவார்கள், கடைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. தம்பி ஹாஜாவுக்கு வளைகுடாவில் வேலை. இருவரும் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அதே விளையாட்டுக்குள் சந்திப்பார்கள். சண்டை போட இல்லை, ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கதை பேச. மற்ற நாட்களில் அவன் உள்ளேயே கடிதம் எழுதி வைப்பான். அப்படி இரண்டு வருஷக் கடிதங்கள் டீச்சர் கணக்கில் இருந்தன. அங்கே ரோட்டில் ஒரு விபத்து, ஹாஜா இறந்துவிட்டான், டீச்சர் வீட்டுப் பேச்சில் மௌத்தாகிவிட்டான். அடக்கமும் அங்கேயே. முகம்கூடப் பார்க்காத வீட்டுக்கு அந்தக் கடிதங்கள்தான் அவன்.

ஆள் உள்ளே இருந்தால் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும், இல்லாவிட்டால் சாம்பல் நிறம். நாலு மாதமாகச் சாம்பலாகக் கிடந்த ஹாஜா பேர், ஒருநாள் காலை பதினோரு மணிக்குப் பச்சையானது. டீச்சர் கூப்பிட்ட குரலைக் கேட்டு ஓடினேன். "வாய்விட்டுப் படிங்கம்மா" என்றேன். படித்தார்கள்: "சலாம் லாத்தா. ஆபீஸில் எல்லாக் கணக்கையும் அழிக்கிறார்கள். இன்றைக்குள் உன் பாஸ்வேர்டு கொடு, இல்லாவிட்டால் நம் கடிதம் எல்லாம் போய்விடும்." அக்காவை லாத்தா என்று கூப்பிடுவது முதல் பேச்சு அச்சு அசல் அவன்தான். இருக்காதா பின்னே? அவன் கணக்கைத் திறந்தவன் அக்காவும் தம்பியும் எழுதிக்கொண்டதை எல்லாம் படித்திருப்பானே. எப்படித் திறந்தான் என்பது இன்றுவரை தெரியாது. டீச்சர் விரல் கீபோர்டுமேல் போய்விட்டது. முதல் எழுத்தைத் தட்டியும்விட்டார்கள். அங்கேயே நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்: "கடுதாசியில இல்லாத ஒண்ணக் கேக்கட்டுமாண்ணே?"

நாளைக்கு வா

அவர்கள் தட்டியது இதுதான்: "அத்தா உன்னையே கேட்டுக்கிட்டிருக்காங்க." அத்தா என்றால் அப்பா. ஹாஜா இறப்பதற்கு ஒரு மாதம் முன்பே அத்தா இறந்துவிட்டார். அந்தச் சேதி போனில்தான் போனது. எழுத்தில் எழுத இருவருக்குமே மனசு வரவில்லை. திரையில் பதில் வந்தது: "வெள்ளிக்கிழமை பேசறேன்னு அத்தாகிட்ட சொல்லு." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் முகம் மாறியது. வகுப்பில் பொய் சொன்ன பையனைப் பார்க்கிற முகம்.

நாலாவது கேபினில் உட்கார்ந்து, வந்த கடிதத்திலிருந்த வழியைத் தொடாமல், விளையாட்டின் சொந்த முகவரியைத் தன் கையால் தட்டி, அங்கே முறையிட்டார்கள். தன் பாஸ்வேர்டையும் மாற்றினார்கள். நிஜ ஆபீஸ் உடனே பேசுமா? இறப்புச் சான்று கேட்டது, இன்னார் அக்காதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டது, காத்திருக்கச் சொன்னது. அதற்குள் திருடன் ஹாஜா பேரை வேறு யாருக்காவது விற்றுத் தள்ளிவிட்டால்? அதனால் தினமும் பள்ளிக்கூட இடைவேளையில் வந்து இறந்தவன் பேரோடு பேசினார்கள். பாஸ்வேர்டு டைரியில் இருக்கு, நாளைக்குச் சொல்றேன். இன்னிக்கு வீட்ல கரண்ட் இல்ல, நாளைக்கு. டைரிய வெச்ச பீரோ சாவி மாமியார்ட்ட, அவங்க ஆண்டிமடம் போயிருக்காங்க, நாளைக்கு. ஒன்பதாம் நாள் அவன் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டான். பன்னிரண்டாம் நாள், "லாத்தா, தயவு செ" என்று பாதியில் நின்றது. நிஜ ஆபீஸ் கணக்கை மூடிவிட்டது, பச்சை அணைந்தது. பேர் சாம்பலானது. டீச்சர் அந்தப் பேரைப் பார்த்தபடி சொன்னார்கள்: "மௌத்தானவன பன்னெண்டு நாளா எழுப்பி உக்கார வெச்சிருந்தேன்ணே, இனிமே தூங்கட்டும்."

இத்தனை வருஷத்தில் நிஜ ஆபீஸ் எதுவும் நம்மைத் தேடி வந்து நான் பார்த்ததில்லை, டீச்சர்தான் தேடிப் போய், வரிசையில் நின்று, மனுப் போட்டு, தம்பி விளக்கைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு, மணி அடித்துவிடும் என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள்.