கீழறை விமானத்துக்கு ஒரு வழி

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். பெற்றது மூன்று, தாயில்லாமல் போன கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு. ஐந்து பேருக்கும் ஒரே சட்டியிலிருந்துதான் சோறு போட்டேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல மூத்தவன் மகள் எழுதுகிறாள்.

ஓசூரில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. வடக்கே தெரு. தெருவோர ஷட்டரைத் திறந்தால் ஒரு சறுக்குப் பாதை இறங்கி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பிக் கீழறைக்குப் போகும். வண்டி நிறுத்தக் கட்டிய அறை. அதில் என் மூத்தவன் ஏழு வருஷமாக ஒரு விமானம் செய்கிறான். ஒருத்தர் மட்டும் உட்காரும் சின்ன விமானம். தொழிற்சாலையில் டூல் ரூம் வேலை அவனுக்கு, மெஷினுக்கு அச்சும் கருவியும் செய்வது. ஷிப்ட் முடிந்தால் நேராகக் கீழேதான். ஏதோ கொட்டகைக்குக் குழாய் வளைக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இறக்கையைப் பார்த்த பிறகு கேட்டேன். "பறக்கும்மா" என்றான், இட்லி வெந்துவிடும் என்று சொல்வது போல.

இறக்கைகளைக் கழற்றிக்கொள்ளலாம். உடம்பு ஒரே துண்டு, பதினான்கு அடி. அதை வெளியே எடுத்து, சின்ன விமானங்கள் நிறுத்தும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோய், தெரிந்தவர்களிடம் காட்டி, அனுமதி வாங்க வேண்டும். லாரிக்கும் சொல்லியாயிற்று. ஷட்டர் அகலத்தை ஆரம்பத்திலேயே அளந்து, நான்கு விரல் குறைத்துத்தான் உடம்பைச் செய்திருந்தான். எந்த வழியாகப் போகும் என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினான்.

"கோடெல்லாம் எனக்குப் புரியாது. மூங்கில்ல கட்டிக் காட்டுடா" என்றேன்.

நாகரசம்பட்டியில் என் பிறந்த வீட்டில் மாங்காய் லாரி தோட்டத்துக்குள் வரும் முன்னால், லாரி நீளத்துக்கு ஒரு கழியை இரண்டு பேர் பிடித்து நடப்பார்கள். கழி திரும்பினால் லாரியும் திரும்பும்.

"ஏம்மா, நான் நூலுக்கு நூல் அளந்து வேலை செய்யறவன். என்னைப் போயி மூங்கில் கட்டச் சொல்ற."

"கட்டு. கை ஒண்ணும் தேஞ்சு போவாது."

முந்தாநாள் கட்டினான். விமானத்தின் நீள அகலம், உயரம் எல்லாம் அப்படியே. இந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரி பின்னால் பிடிக்க, இவன் முன்னால் பிடித்து நடந்தான். ஷட்டரை எட்டவே இல்லை. தொட்டி வளைவில் முன்பக்கம் சுவரில் இடித்தது, வால் தூணில் மாட்டியது. சாய்த்தார்கள், மேலே தளம் தடுத்தது.

மேஸ்திரிக்கு வீட்டில் தெலுங்கு. "ஏமி தம்பி, வளைவ அளக்கலியா?"

"தெனம் பைக்ல திரும்பற வளைவு. அதைப் போயி யாரு அளப்பாங்க?"

"தூண எடுத்தா விமானம் வெளிய வரும். வீடு உள்ள வரும்."

மருமகள் படியில் நின்றபடி கேட்டாள்: "ஏங்க, வாலை அறுத்து எடுத்துட்டு, அப்புறம் பத்த வச்சுக்க முடியாதா?"

"முடியும். பத்த வச்ச வாலோட நான் மேல போவணும், அவ்ளோதான்."

எல்லோருக்கும் தெரிந்த வழி இன்னொன்று இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கட்டியபோது கீழறைக்குத் தெற்கே பத்தடி அகலம் திறந்திருந்தது. வெளியே எங்கள் காலி மனை, லாரி வந்து நிற்கிற மட்டமான தரை. அடுத்த வருஷம் இவன் நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்து, தெற்கே இத்தனை பெரிய வாசல் வீட்டு ஆண் பிள்ளைக்கு ஆகாது என்றார். மகன் வேண்டாம் என்றான், வெளிச்சம் போய்விடும் என்றான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசிக் கல் வைக்கும்வரை எழுந்திருக்காமல் அடைக்க வைத்தேன். இந்த வீட்டில் நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்ததில்லை. அது ஐந்து பேருக்கும் தெரியும்.

இன்னொன்று யாருக்கும் தெரியாது. மூங்கில் மாட்டிக்கொண்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. சுவர் நின்றால் விமானம் கீழேயே கிடக்கும், பிள்ளையும் தரையில் இருப்பான். கால் ஒடிந்து கிடந்தவனுக்கு மூன்று மாதம் தூக்கிப் பிடித்து நடை பழக்கியவள் நான்.

சுவரை இடிக்கட்டுமா என்று அவன் கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, எங்கே அறுப்பது என்று வாலில் கோடு போட ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் எப்படியும் பறக்கப் போகிறான். என் பேச்சுக்குப் பயந்து, பற்றவைத்த வாலோடு பறக்கப் போகிறான்.

"மேஸ்திரி, அந்தத் தெக்குச் சுவத்து மேல பாரம் ஏதாச்சும் நிக்குதா?"

"இல்லம்மா. மேல பீம் இருக்குது. இது சும்மா அடைச்சது."

"அப்போ வந்து இடிச்சிடு."

மகன் என்னையே பார்த்தான். "அம்மா, வாஸ்து?"

"வாலை அறுக்காத" என்றேன்.

நாளைக் காலையில் மேஸ்திரி வருகிறார். இடிக்கச் சொல்லிவிட்டேனே தவிர, அடைத்தது என் தப்பு என்று இன்னும் அவனிடம் சொல்லவில்லை. மூங்கில் மாட்டியபோது சந்தோஷப்பட்டதையும் சொல்லவில்லை. நேரில் சொல்ல எனக்கு வராது. இங்கே சொல்லிவிட்டேன்.

எழுதினது போதும் கண்ணு. முதல்ல இருந்து படி, நான் சொன்னபடி வந்திருக்குதான்னு பாக்கலாம். கொஞ்சம் சத்தமாவே படி. உங்கப்பன் கீழதான் இருக்கான்.