எட்டு வீடு கூட்டினேன்

போன செவ்வாய்க்கிழமை தெற்கு கல்கத்தாவின் டாக்குரியாவில் ஒரு புது பில்டிங் முன்னால் நின்றேன். கீழே ஒரு வெள்ளை மாருதி நின்றிருந்தது. சண்முகத்தின் கிரைண்டர் இருந்த அதே இடத்தில்.

சண்முகம் யார்? திருநெல்வேலிக்காரர். இந்த பில்டிங்குக்கு முன் இங்கே இருந்த பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் இட்லி மாவுக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரே அறையில் குடித்தனம். தெற்கு கல்கத்தாவில் பாதித் தமிழர் வீடுகளுக்கு அவர் மாவுதான்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இந்தப் பத்தியில் பல தடவை புலம்பியிருக்கிறேன். மாதாமாதம் வீடு கட்ட பெர்மிட் வாங்கியவர்களின் பட்டியல் எங்கள் புள்ளிவிவர ஆபீசுக்கு வரும். எந்த வார்டு, எத்தனை மாடி, எத்தனை ஃபிளாட் — அவ்வளவுதான். கூட்டி டெல்லிக்கு அனுப்புவோம். எண்ணிக்கை ஏறினால் பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒருவன் பெர்மிட் வாங்கினால் பின்னாலேயே செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி, மின்விசிறி, ஜன்னல் கம்பி எல்லாம் வரும் இல்லையா? தப்பான கணக்கு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் சண்முகத்தின் வீட்டுக்காரர் வீட்டை, இடித்து ஃபிளாட் கட்டி விற்கும் ஒரு புரமோட்டரிடம் கொடுத்தார். புது பில்டிங்கில் கீழே ஒரு கடையும் ஓர் அறையும் தருவதாகப் புரமோட்டர் வாயால் சொன்னார். எழுதிக் கேட்டதற்கு, பிளான் சாங்ஷன் ஆனால் அதுதானே பேப்பர், அதற்கு மேல் என்ன வேண்டும் என்றாராம். சாங்ஷன் வந்ததும் சண்முகம் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும்.

சண்முகம் என்னிடம் வந்தார். அந்த சாங்ஷன் உங்கள் பட்டியலில் வந்தால் சொல்லுங்கள் என்றார். வந்தது: ஐந்து மாடி, எட்டு ஃபிளாட். அன்றைக்கே ஆபீஸ் விட்டு வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்ச் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிற குஷி எனக்கு.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம கடையும் அதுல இருக்குல்லா, அக்கா?"

"இருக்கும்" என்றேன்.

எப்படித் தெரியும் எனக்கு? வரைபடம் எங்கள் ஆபீசுக்கு வருவதே இல்லை. எண் மட்டும்தான் வரும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆபீசர் இல்லையா... தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரமே சாவியைக் கொடுத்துவிட்டார். ஊருக்கு வெளியே சோனார்பூரில் வாடகைக்கு ஓர் அறை. அங்கிருந்து ரயிலில் மாவைத் தூக்கிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுக்கிறார். பில்டிங் முடிகிற வரைக்கும்தானே என்றார்.

முடிந்துவிட்டது. செவ்வாயன்று புரமோட்டரிடம் நேராகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சாங்ஷன் ஆன வரைபடத்தை விரித்துக் காட்டினார். கீழ்த்தளம் முழுக்க கார் பார்க்கிங். முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.

"உங்க ஆபீசுக்குத் தெரியாததா, தீதி?" என்றார் பெங்காலியில், அக்கா என்று மரியாதையாக.

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் வந்தேன். அவர் மேல் பாதி. மீதி யார் மேல் என்று சொல்லவேண்டியதில்லை.

சோனார்பூருக்கு நானே போய்ச் சொன்னேன். சண்முகம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி பேச்சியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"எட்டு வீடுன்னு கூட்டி எழுதினியளே அக்கா... இடிச்ச எங்க வீட்டைக் கழிச்சியளா?"

கழிக்கவில்லை. அந்தப் படிவத்தில் கழிக்க இடமே இல்லை. மறுநாள் மேலதிகாரியிடம் சொன்னேன். டெல்லி கேட்காததை நாம் ஏன் எழுத வேண்டும் என்றார். அந்த ஐந்து மாடி எழும்பியதில் பொருளாதாரம் வளர்ந்தது நிஜம். சண்முகம் தெருவுக்கு வந்ததும் நிஜம். முதலாவதற்கு மட்டும் படிவம் இருக்கிறது.

நேற்று கரியாஹாட் மார்க்கெட்டில், தெரிந்த பெண் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் குடியிருக்கும் வீட்டையும் இடித்துக் கட்டப்போகிறார்களாம். பட்டியலில் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

வந்திருந்தது. ஆனால் நான் சொன்னது வேறு: "உங்களுக்கு அதில் இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. வரைபடத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதே."