ஜெயந்தியின் முதல் சாம்பிள்: மோட்டாரை நிறுத்து

ஜெயந்தி போய்விட்டாள். விடியற்காலையில், தூக்கத்திலேயே... அவள் தம்பி போன் பண்ணிச் சொன்னான்.

பழைய ஆபீஸ் குரூப்பில் ஆளாளுக்கு "அமைதியான பொண்ணு" என்று போடுகிறார்கள். யாரைச் சொல்கிறீர்கள்? கேன்டீனில் மீன் துண்டு சின்னதாக இருந்தால் பரிமாறுகிற சேட்டனைக் கூப்பிட்டு நிறுத்திச் சண்டை போட்டவளையா?

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. ஃபேக்டரி மெஷின்களைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்க ஒரு டூல்கிட் செய்துகொண்டிருந்தோம். வாங்குகிறவர்கள் பழகிக்கொள்ள அதோடு சில குட்டி சாம்பிள் ப்ரோக்ராம்கள் போகும். எல்லாம் ஜெயந்தி எழுதியவை.

வேறு யாராக இருந்தாலும் முதல் சாம்பிளில் மோட்டாரை ஓட்டிக் காட்டியிருப்பார்கள். இவள் முதல் சாம்பிளில் ஓடுகிற மோட்டாரை நிறுத்தினாள். ஓட்டுவது இரண்டாவதுதான்.

மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கஸ்டமருக்கு ஃபர்ஸ்ட் மோட்டார் ஓடறதக் காட்ட வேண்டாமோ ஜெயந்தி? இது வெறும் சாம்பிள் அல்லே?"

"சாம்பிளத்தான் சாரே எல்லாரும் அப்படியே காப்பி அடிச்சு மெஷின்ல போடுவாங்க. எங்க ஊரு போனக்காட்டுல டீ ஃபேக்டரிக்குப் புது ஆளு வந்தா, எங்க அமுக்குனா நிக்கும்னு காட்டி, அவன் கையாலயே நிறுத்த வைப்பாங்க. அப்புறந்தான் வேலை. எங்கப்பா அங்கதான் வேலை பாக்குறாரு. பத்து விரலும் இருக்கு."

அவர் வரிசையை மாற்றினார். இவள் திருப்பி மாற்றினாள். அவர் மறுபடி... இவளும் மறுபடி. கடைசியில் அவளை ப்ராஜெக்டை விட்டே தூக்கினார்.

மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. "என்னடி பண்ணட்டும்?" என்று அவளிடமே கேட்டேன்.

"உனக்கு இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு, வீட்டு லோன் வேற. மாத்திக்கோ. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

அப்படிச் சொன்ன பிறகு எப்படி மாற்றுவது? மாற்ற மாட்டேன் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். என்னையும் தூக்கினார். எனக்குப் பதிலாக வந்தவன் ஒரு மலையாளிப் பையன், ஜெயந்தியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ப்ரோக்ராமைப் படித்துப் பார்த்துவிட்டு, "சேச்சி வெச்ச வரிசை சரிதானே சாரே?" என்று அவனும் கையைக் கட்டிக்கொண்டான்.

அதற்கு மேல் தூக்க ஆள் இல்லை. டூல்கிட் சி.டி. அவள் வரிசையிலேயே வெளியே போனது.

நாளைக் காலை போனக்காட்டில் எடுக்கிறார்கள். இப்போதிருக்கும் ஆபீஸில் லீவு கேட்டேன், "ரிலீஸ் வீக் அல்லே?" என்கிறார்கள்.

ரிலீஸாவது மண்ணாங்கட்டியாவது. வந்துகொண்டிருக்கிறேன், ஜெயந்தி.