சிவப்பு ஆப்பிரிக்கா, பச்சை ஆசியா

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், நாங்கள் மலாக்காவில், தெங்கேராவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர், ரெம்பியா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். டவுனுக்கு வந்து ஒரு காண்ட்ராக்டரிடம் வயரிங் வேலை பழகியவர். நான் டிராவல் ஏஜென்சி ஒன்றில் டிக்கெட் எழுதும் கிராணி.

ஹாலந்து போய் வந்த என் முதலாளியம்மா, கல்யாணப் பரிசென்று ஒரு ஜிக்சா பெட்டியைத் தாமதமாகக் கொடுத்தார். ஆயிரம் துண்டுகள். சேர்த்தால், நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் வரைந்த உலகப் படம் வரும். கடலில் பாய்மரக் கப்பல்கள், கப்பலைவிடப் பெரிய மீன்கள். மூடியிலிருந்த படத்தில் நான் முதலில் தேடியது எங்கள் ஊரைத்தான். தீபகற்பம் வீங்கின கட்டைவிரல் மாதிரி இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் மலாக்கா.

"அந்தக் காலத்துலயே நம்ம ஊரு பேரு அங்க போயிருச்சு லா," என்று சிரித்தார் என் கணவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஓரத்துத் துண்டுகளை நான் பொறுக்கினேன். ஆப்பிரிக்கா மங்கின சிவப்பு, ஆசியா மங்கின பச்சை. இரண்டையும் தனித்தனித் தட்டில் பிரித்துப் போடச் சொன்னேன். அரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் பிரித்தார். எட்டிப் பார்த்தால் இரண்டு தட்டிலும் இரண்டு நிறமும் கலந்து கிடந்தன.

"விளையாடாதீங்க."

"ஒழுங்காத்தானே பிரிச்சிருக்கேன்?"

இரண்டு துண்டுகளைத் தூக்கிக் காட்டினேன். "இது என்ன கலரு?"

"பச்ச."

"இது?"

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அதுவும் பச்சதான். கொஞ்சம் அழுக்குப் பச்ச."

அது சிவப்பு. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வயரிங் வேலை ஞாபகம் வந்தது. கரண்ட் வரும் கம்பி சிவப்பு, எர்த் கம்பி பச்சை. அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கே அது தெரியும்.

"அப்ப வயரு? வயரை எப்படிங்க பாக்கிறீங்க?"

"செவப்பு கொஞ்சம் இருட்டா தெரியும். இருந்தாலும் டெஸ்ட் பேனா வெச்சு, கரண்டுக்கு அதுல லைட் எரியுதான்னு பாத்துட்டுத்தான் மாட்டுவேன்." துண்டைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஸ்கூல்ல மரத்துக்கு மாத்தி கலர் அடிச்சேன்னு வாத்தியார் அடிச்சாரு. எனக்குக் கலரு பேரு சரியா மனசுல நிக்கலைன்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அப்புறம் ஏதோ நினைவு வந்து அவர் முகம் மாறியது. கடலோரத்து உம்பாயில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. கரண்ட் கொடுப்பதற்கு முன்பே வயர்களை மாட்டிவிட்டு, எங்கள் கல்யாண வேலைக்காக அவசரமாகக் கிளம்பி வந்திருந்தார். அங்கே டெஸ்ட் பேனா வைத்துப் பார்க்கவே இல்லை.

சட்டையைக்கூட மாற்றாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மக்சிக், அந்த மலாய்க் கடைக்கார அம்மா, அவரை அடையாளம் கண்டு சிரித்தார். சுவர் பிளக் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று இவர் மலாயில் கேட்டார். பின்சுவரில் இருப்பது மட்டும் ஆரம்பத்திலிருந்தே ரோசாக், வேலை செய்யவில்லை, பிளாஸ்டிக் ஃபேனை ஒரு தடவை மாட்டிப் பார்த்தும் சுற்றவில்லை, அதனால் விட்டுவிட்டோம் என்றார் மக்சிக். அடுத்த வாரம் ஐஸ் பெட்டி வருகிறது, அதற்குள் சரிபண்ணிக் கொடு என்றும் சொன்னார். ஐஸ் பெட்டி வைக்கப் போகிற இடம் ஈரமாக இருந்தது.

இவர் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினார். கம்பிகளை என்னிடம் காட்டி, "நீ சொல்லு," என்றார்.

எர்த் இடத்தில் சிவப்பு. கரண்ட் இடத்தில் பச்சை.

நான் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த இரும்பு ஐஸ் பெட்டியை அதில் மாட்டியிருந்தால், பெட்டி முழுக்கக் கரண்ட் ஏறி, அதைத் தொட்ட கை என்ன ஆகியிருக்கும் என்று அவர் எனக்கு விளக்கவில்லை. விளக்க வேண்டியும் இருக்கவில்லை. நான் நிறம் சொல்லச் சொல்ல அவர் கம்பிகளை மாற்றி மாட்டினார். மக்சிக் எங்களுக்குத் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். கிளம்புமுன் இவர் அவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்தம்மா பின்சுவர்ப் பிளக்கையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீரை எங்கள் முன்னால் வைத்தார்.

மறுநாள் காண்ட்ராக்டரிடமும் சொல்லிவிட்டார். வேலை போய்விடும் என்று நினைத்தோம். காண்ட்ராக்டர் கத்தித் தீர்த்துவிட்டு, இன்னொரு வயர்மேனை அழைத்துக்கொண்டு பழைய இடங்களையெல்லாம் போய்ப் பார்த்தார். வேறெங்கும் தப்பு இல்லை. அதன்பின் சுவரில் வயருக்குக் குழாய் பதிப்பதும் கம்பி இழுப்பதும் இவர் வேலை. முனைகளை மாட்டுவது வேறு ஆள்.

ஆஸ்பத்திரிக்கும் போனோம். கண் டாக்டர் நிறநிறமான புள்ளிகளாக அச்சடித்த ஒரு புத்தகத்தை விரித்து, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் எனக்கு எண் பளிச்சென்று தெரிந்தது. முதல் பக்கத்து எண்ணை இவரும் சொன்னார். அதன்பின் பெரும்பாலும் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"நெசமாவே அங்க நம்பரு இருக்கா?"

"இருக்குங்க."

இரண்டாம் பக்கத்தை மறுபடி காட்டச் சொல்லி டாக்டரிடம் கேட்டார்.