கோடை நோட்டு

ஸ்டீபனுக்கு வேலை இரும்பு உருக்காலையில், பைத்தியம் பறவைகள் மேல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்தால் மற்றவர்கள் சோற்றுக்கு ஓடுவார்கள். இவர் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஊர் ஏரிக்குப் போவார். கார்த்திகையில் ஊசிவால் வாத்து, தையில் கூழைக்கடா என்று பருவத்துக்கு ஒரு நோட்டாகப் பதினோரு வருடம் எழுதியிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறார். கலெக்டர்கூட அவ்வளவு கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

கூட வருபவர் ஜெகன். கம்பெனிகளுக்கு சர்வே எடுத்துத் தரும் ஆபீஸில் வேலை. ஒரு டீயைப் பாதிப் பாதியாகக் குடிக்கிற சிநேகிதம்.

பங்குனியில் ஒருநாள் ஜெகன் கேட்டார். "அந்தக் கோடை நோட்ட மட்டும் குடுண்ணா. ஒரு ரிப்போர்ட்டுக்கு வேணும்."

"கார்த்திகை நோட்டு வாணாமா? அதுலதான் அறுபது வகை கீது."

"குளுர்ல எவன் வேணா எண்ணுவான். கத்திரி வெயில்ல நின்னுகினு எண்றவன் நீ ஒருத்தன்தான்."

ஸ்டீபனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வறண்ட ஏரியில் ஆட்காட்டிக் குருவிக்காக மண்டை காய நின்றதை அதுவரை ஒருவரும் மெச்சியதில்லை. பாவி மனுஷன், அன்றே நோட்டைக் கொடுத்துவிட்டார்.

ஆவணியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஏரியைத் தூர்த்துக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. மேடையில் அறிக்கையை வாசித்தார்கள்: "உள்ளூர்ப் பறவை ஆர்வலர் ஸ்டீபன் கையெழுத்திட்ட குறிப்புகளின்படி, இந்த ஏரியில் ஏழு வகைப் பறவைகளே உள்ளன."

ஸ்டீபன் துள்ளி எழுந்தார். "சார், அது தண்ணி வத்துனப்போ எழுதுனது! மழை பேஞ்சப்புறம் வந்து பாருங்க சார்!"

"கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான், ஆனா..."

"உக்காருங்க."

வாசலில் ஜெகனை மறித்தார். "கேக்கும்போதே தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணா," என்றார் ஜெகன், செருப்பைப் பார்த்தபடி.

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டதுதான். அறுபடும்போதுதான் வலி தெரிகிறது. ஓங்கி அறையக் கை எழவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அந்த ஏரியில் மீன் பிடித்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய ஆரோக்கியமேரி எதிரே வந்து நின்றார்.

"ஏன் ஸ்டீபனு, நீ எப்போலருந்து அவுங்க ஆளு?"

"இல்லக்கா, நான் எழுதுனது..." என்று தொடங்கினார். ஆரோக்கியமேரி கேட்க நிற்கவில்லை.